எங்கட ஆள்தானே, பேப்பர் எதுக்கு?

வளைகுடாவில் வாடகைக்கு இருப்பது பற்றி எங்கள் சனத்திடம் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. அரபி ஏமாத்துவான், மலையாளி சுத்துவான், எங்கட ஆள்தான் பார்த்துச் செய்வான். ஓகஸ்ட் பிறந்தால் எனக்கு ரெலிபோன் வரத் தொடங்கிவிடும். ரொறன்ரோவில் இருந்து வரும், பாரிஸில் இருந்து வரும், வவுனியாவில் இருந்தும் வரும். "தம்பி, மருமோன் டுபாய்க்குப் படிக்க வாறான். ஒரு றூம் பார்த்துவிடுங்கோ. எங்கட ஆக்களின்ர இடமாய்ப் பாருங்கோ."

நான் டுபாய்க்கு வந்தது 2007 செப்டெம்பர். அன்றிலிருந்து உணவக வேலைதான். இதுவரை பதினொரு இடத்தில் படுத்தெழும்பியிருக்கிறேன். ஒரு இடத்திலும் வீட்டுச் சொந்தக்காரரின் முகத்தைக் கண்டதில்லை. எந்த அரபியும் எனக்கு ஒரு திர்ஹமும் தரவேண்டியதில்லை. எனக்குத் தரவேண்டியவர்கள் எல்லாரும் நல்ல தமிழில் கதைப்பவர்கள். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள்.

ஆகவே இந்த "எங்கட ஆள்" என்ற கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், படிக்க வருகிற பெடியன் ஏன் தன் பெயரில் வீடு எடுப்பதில்லை? டுபாய் அகடமிக் சிட்டியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வரிசையாக இருக்கின்றன. சார்ஜாவில் யூனிவர்சிற்றி சிட்டி 1997இல் இருந்து இருக்கிறது. பெடியளுக்கு இடம் கொடுக்க ஆயத்தம். படுக்க இடம்தான் பிரச்சினை. கம்பஸ் விடுதி எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வெளியே எடுப்பதென்றால் இங்கே வாடகை வழக்கமாக வருடக் கணக்கு. ஒரு செக், இரண்டு செக், நாலு செக் என்று பின்திகதியிட்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லாத பெடியனுக்குச் செக் புத்தகம் ஆர் கொடுப்பது?

வருடம் 40,000 திர்ஹம் வாடகையில் ஒரு ஸ்டூடியோ என்று வையுங்கள். நாலு செக் என்றாலும் முதல் செக் 10,000. டெப்பொசிட் 5 சதவீதம், 2,000. ஏஜென்ற் கமிஷன் 5 சதவீதம், இன்னொரு 2,000. மின்சாரம், தண்ணீருக்கு தேவாவில் கட்டும் டெப்பொசிட் 2,000. கதவைத் திறக்க முதலே 16,000 திர்ஹம். கட்டில் இல்லை, பாய் இல்லை, ஒரு கேத்தில்கூட இல்லை.

அதனால்தான் பெட் ஸ்பேஸ். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஆள் தன் பெயரில் இரண்டறை பிளாற் எடுப்பார். விறாந்தையைப் பலகையால் மறித்து நாலு பார்டிசன் அடிப்பார். அறைக்குள் இரட்டை அடுக்குக் கட்டில் போடுவார். மேல்கட்டில் ஒரு விலை, கீழ்க்கட்டில் ஒரு விலை, ஜன்னல் பக்கம் இன்னொரு விலை. மூட்டைப்பூச்சி இலவசம்.

2012இல் கராமாவில் நான் இருந்த பிளாற்றின் கணக்கு எனக்குத் தெரியும். வருட வாடகை 72,000, அதாவது மாதம் 6,000. தண்ணீர், மின்சாரம், இன்ரநெற், தேவா பில்லோடு வரும் 5 சதவீத மாநகரசபை வீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,500. ஆக 7,500. உள்ளே பதினாறு கட்டில், ஒரு கட்டில் 800. வருமானம் 12,800. மாத இலாபம் 5,300 திர்ஹம். அப்போது என் சம்பளம் 1,800. அந்த மனுசன் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் என் மூன்று மாதச் சம்பளத்தை எடுத்தார். அதற்குப் பிறகும், "தம்பியவை, நான் உங்களுக்காகத்தான் இதை நடத்துறன், எனக்கு ஒண்டும் மிஞ்சிறேல்லை" என்று சொல்லுவார். பதினாறு பேருக்கு ஒரு குசினி, இரண்டு கக்கூஸ்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். "அரபு நாட்டில் எங்களுக்கு என்ன சட்டம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். சட்டம் இருக்கிறது. டுபாயில் 2007ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம், அதைத் திருத்திய 2008ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இரண்டும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான சங்கதிகளைச் சொல்கின்றன. (சார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் வேறு வேறு சட்டம். இதை அங்கே கொண்டுபோய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.) ஒப்பந்தத்தின் நிபந்தனையை மாற்றுவதென்றால் 90 நாள் முன்னறிவித்தல் வேண்டும். ஒப்பந்தம் முடிகிறபோது தான் வந்து இருப்பதற்கோ விற்பதற்கோ வீடு வேண்டுமென்றால் 12 மாத முன்னறிவித்தல் வேண்டும், அதுவும் நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபாலிலோ. நான் வந்திருக்கப்போகிறேன் என்று எழுப்பிவிட்டு, இரண்டு வருடத்துக்குள் வேறு ஆளுக்கு வாடகைக்குக் கொடுக்கவும் முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி எழுப்பவும் கூடாது.

வாடகை ஏற்றத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க ஆணையின்படி, உங்கள் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றவே முடியாது. 11 முதல் 20 சதவீதம் குறைவென்றால் ஆகக்கூடியது 5 சதவீதம். எவ்வளவுதான் குறைவாக இருந்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் போக ஏலாது. சராசரி 50,000 ஆக இருக்கும் இடத்தில் நீங்கள் 40,000 கட்டுகிறீர்கள் என்றால், வீட்டுக்காரர் 2,000 மட்டும்தான் ஏற்றலாம்.

இவ்வளவும் எஜாரியில் பதியப்பட்ட ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கு. பிளாற்றைத் தன் பெயரில் எடுத்த எங்கட ஆளுக்கு 12 மாதம் இருக்கிறது, 90 நாள் இருக்கிறது, 5 சதவீதம் இருக்கிறது. அவருக்குக் கீழே கட்டிலில் படுக்கிற பெடியனுக்கு? "அடுத்த மாதத்தில இருந்து 150 கூட" என்று ஒரு வாட்ஸ்அப். சரிவராவிட்டால், "கிழமை முடியிறதுக்குள்ள எழும்பும்." தனக்குச் சட்டம் தந்த பாதுகாப்பை வைத்துக்கொண்டு, அதில் ஒரு துண்டைக்கூடக் கீழே கொடுக்காமல் மேலேயே நிற்கிறார்.

2025 ஜூனில் டுபாய் மாநகரசபை அல் ரிக்கா, அல் முரக்கபாத், அல் பர்ஷா, அல் சத்வா, அல் ரஃபா ஆகிய இடங்களில் அனுமதியில்லாத பார்டிசன்களுக்கு எதிராக இறங்கியது. பட்டியலில் இல்லாத இடங்களிலும் பிளாற் எடுத்து விட்டவர்களுக்கு வயிறு கலங்கியது. என் அக்காவின் மகன் அப்போது இன்டர்நேஷனல் சிட்டியில் ஒரு பார்டிசனில் இருந்தான். அகடமிக் சிட்டி கிட்ட என்பதால் அங்கே நிறையப் பெடியள். நான் பார்த்து வைத்த இடம் அதுவல்ல. அத்தானுக்கு அந்தப் பிளாற்காரரின் ஊர் பிடித்துவிட்டது. பற்றுச்சீட்டு வாங்கு என்று நான் சொன்னதற்கு, "உங்கட மாமாவுக்கு எதிலயும் சந்தேகம்" என்று அத்தான் மகனுக்குச் சொன்னாராம்.

சோதனைக் கிழமையில், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் வருகிறது. இரண்டு நாளில் எல்லாரும் எழும்ப வேண்டும். பலகை கழற்ற ஆள் வருகிறார்கள். கட்டிய மாத வாடகை 1,100, டெப்பொசிட் 1,000. கேட்டால், "முனிசிபாலிட்டிப் பிரச்சினை, நான் என்ன செய்ய?" முனிசிபாலிட்டி இந்தப் பெடியனின் ஆயிரத்தை எடுக்கவில்லையே ஐயா! அது உங்கள் பொக்கற்றில்தானே இருக்கிறது!

அன்றிரவு பெடியன் பெட்டியோடு என் அறைக்கு வந்தான். எங்கள் குசினியில் வேலை செய்கிற காக்கா ஒருத்தர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து புத்தளம் முகாமில் வளர்ந்தவர். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "1990இல எங்களுக்கு ரண்டு மணித்தியாலம் தந்தவை. இந்த மனுசன் ரண்டு நாள் தந்திருக்கு. எங்கட ஆக்கள் முன்னேறித்தான் இருக்கினம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பிளாற்காரருடன் நானே கதைத்தேன். "அண்ணை, நானும் உங்கட பக்கம்தான்" என்று தொடங்கினார். நான் ஊர் கதைக்கவில்லை, 25ஆம் பிரிவைக் கதைத்தேன். வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், சொந்தக்காரர் இரண்டு பேரையும் எழுப்பலாம். ஆனால் உள்வாடகைக்காரர் முதல் வாடகைக்காரரிடம் நட்டஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. உங்களுடைய வங்கிக் கணக்குக்குப் பெடியன் அனுப்பிய காசுக்கு ஆதாரம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, வாடகைப் பிணக்கு மையத்தில் சந்திப்போம் என்றேன். மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் டெப்பொசிட் 1,000 வந்தது. மாத வாடகை இன்னும் வரவில்லை. அந்த மையத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 3.5 சதவீதம், குறைந்தது 500 திர்ஹம். பத்திரங்களை அரபியில் மொழிபெயர்க்கக் காசு வேறு. 1,100க்கு அவ்வளவு செலவழிக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். எங்கட ஆள் அல்லவா, எங்களை நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். எனக்கு முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறார்கள். "உந்தப் பார்டிசன்கள் இல்லாட்டி 1,800 திர்ஹம் எடுக்கிறவன் எங்க படுப்பான்? நீயும் அதிலதானே படுத்தனீ?" உண்மை, படுத்தேன். இன்றைக்கும் கட்டில்தான். பிளாற் எடுத்து விடுகிறவர்கள் எல்லாரும் முதலைகளும் அல்ல. அவர்களும் செக் எழுதிக் கொடுத்தவர்கள். 2022 ஜனவரி வரைக்கும் செக் திரும்பினால் சிறை. பத்துப் பேர் வாடகை தராமல் ஓடி, ஒருத்தர் உள்ளே போன கதையும் எனக்குத் தெரியும்.

அரசுகளும் பெரிய உத்தமர்கள் இல்லை. இங்கே "பேச்சிலர்" என்றொரு சாதி உண்டு. மூன்று பிள்ளை பெற்று, மூத்தவளுக்குக் கல்யாணமும் பேசிக்கொண்டிருக்கிற மனுசனும், மனைவி பக்கத்தில் இல்லையென்றால் பேச்சிலர். குவைத்தில் 1992ஆம் ஆண்டின் 125ஆம் இலக்கச் சட்டம், கட்டாரில் 2010ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், எல்லாம் இந்தச் சாதியைக் குடும்பங்கள் இருக்கும் பகுதிகளில் இருந்து தள்ளி வைக்கத்தான். சமைக்க, கட்ட, கழுவ ஆள் வேண்டும். அந்த ஆள் இரவில் எங்கே படுக்கிறான் என்பது மட்டும் கண்ணில் படக்கூடாது. சோதனைக்கு வருகிறவர்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கட்டிலில் கிடந்தவனுக்கு வேறு கட்டில் கொடுப்பதில்லை.

இதெல்லாம் சரிதான். ஆனால் பலகையை நியாயப்படுத்த இது போதாது. பலகை எரியும். 2008 ஓகஸ்டில் டுபாய் நைஃப் பகுதியில், சிறு சிறு அறைகளாகப் பிரித்து ஆட்களை நிறைத்திருந்த வில்லா ஒன்று எரிந்து 11 பேர் செத்தார்கள். 2023 ஏப்ரலில் டேரா அல் ராஸில் 16 பேர். அதில் தமிழ்நாட்டுக்காரர் இருவர். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று சிவில் பாதுகாப்புத் துறை சொன்னது. 2024 ஜூன் 12, குவைத் மங்கஃப். தொழிலாளர் குடியிருப்பில் விடியப்புறம் தீ. சுமார் 50 பேர் போனார்கள். பெரும்பாலானோர் இந்தியர், தமிழ்நாட்டுக்காரர் 7 பேர். அறைகளைப் பிரித்த தட்டிகள் எளிதில் பற்றக்கூடியவை என்றும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்றும் பிறகு தெரிந்தது. மேலே ஓடியவர்கள் பூட்டிய கதவில் போய் நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள். மலிவாகக் கட்டில் கொடுத்தேன் என்பது தர்மமா? கட்டில் கொடுப்பவர் ஒரு பற்றுச்சீட்டுக் கொடுக்க என்ன செலவு? வாசலை மறித்துப் பலகை அடிக்காமல் இருக்க என்ன நட்டம்? பதினாறு கட்டிலில் நாலைக் குறைத்தால் 3,200 போகும். அந்தக் கராமா கணக்கில் அப்போதும் 2,100 மிஞ்சும்.

எங்களுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? வளைகுடாவில் படித்தது அல்ல. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது திருநெல்வேலியில் அறை தேடித் திரிந்தேன். வீட்டுக்கார அம்மா முதலில் கேட்டது ஊர். பிறகு, ஊரில் எந்தப் பக்கம். பிறகு, எந்தக் கோயில். வாடகை எவ்வளவு என்பது கடைசியில்தான் வந்தது. "எங்கட ஆள்" என்ற சொல்லுக்கு அந்தத் திண்ணையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டுபாய் பஸ் தரிப்பிடங்களிலும் மின்கம்பங்களிலும் "தமிழர் மட்டும்", "சைவம் மட்டும்", "எக்சிகியூட்டிவ் பேச்சிலர் மட்டும்" என்று ஒட்டியிருக்கிற துண்டுகளைப் பார்க்கும்போது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். அந்தச் சொல் ஆட்களை வெளியே நிறுத்துவதற்கு நல்லாய் உதவும். உள்ளே வந்தவனுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. மூன்றாம் வருடத்தோடு என் படிப்பும் மூடப்பட்டது. கப்பலில் திருகோணமலை வந்து, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்தேன். 2007 ஜூன் 7 விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி, உடுப்பை எடுக்க அரை மணித்தியாலமும் ஒழுங்காகக் கொடுக்காமல், முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பியது. வவுனியாவில் இறக்கிவிடப்பட்டவர்கள் அதிகம். நான் இருந்த லொட்ஜுக்கு வரவில்லை, இரண்டு ஒழுங்கை தள்ளி வந்தது. அடுத்த நாளே மனித உரிமை வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது "எங்கட ஆள்" ஒருவருமில்லை. ஒரு பேப்பர்.

அதனால்தான் நான் பேப்பரை விடுவதில்லை. எமிரேட்ஸ் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. இங்கே அகதி என்றொரு ஆள் கிடையாது. பத்தாக்காவில் நான் வெயிட்டர். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நான். பேப்பரில் பெயர் இல்லாத பெடியன் ஆருமில்லை.

பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

1. வீடு தருகிறவரிடம் எஜாரிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அவர் எந்த ஊராக இருந்தாலும் அடுத்த வீடு பாருங்கள்.

2. உள்வாடகைக்குச் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தாரா என்று கேளுங்கள். கூட இருப்பவர்களின் பெயர்களை டுபாய் ரெஸ்ட் செயலியில் பதியும்படி காணித் திணைக்களம் 2022 செப்டெம்பரில் அறிவித்தது. பிள்ளையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

3. காசு கையில் கொடுக்காதீர்கள். வங்கியில் போடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் திகதியோடு பற்றுச்சீட்டு. டெப்பொசிட் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

4. பிள்ளை படுக்கிற இடத்தில் இருந்து வெளிக்கதவு வரைக்கும் அவனே ஒருமுறை இருட்டில் நடந்து பார்க்கட்டும். ஜன்னல் இல்லாத பார்டிசன் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

5. இரண்டு மூன்று பெடியளின் பெற்றோர் சேர்ந்து, இங்கே சம்பளமும் செக் புத்தகமும் உள்ள ஒரு உறவினர் பெயரில் முறையாக ஒப்பந்தம் எழுதுங்கள். சொந்தக்காரரிடம் சொல்லி, பெடியளின் பெயர்களையும் பதியுங்கள். மேலே சொன்ன 16,000ஐ மூன்றாகப் பிரித்தால் ஒரு ஆளுக்கு 5,300 சொச்சம். சாமத்தியவீட்டு ஹோலுக்கு நீங்கள் கொடுக்கிற அட்வான்ஸைவிடக் குறைவு.

இது டுபாய்க்கு மட்டும் என்று நினைத்து ஸ்காபரோவில் இருந்து வாசிக்கிறவர்கள் ஆறுதல் படவேண்டாம். உங்கள் பேஸ்மென்றில் ஒரு மாணவன் இருந்தால், அவனுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தீர்களா? புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? "எங்கட பெடியன்தானே" என்று நீங்களும் விட்டுவிட்டீர்களா?

எங்கட ஆள் என்று உண்மையாகவே நினைத்தால், அவனுடைய பெயரைப் பேப்பரில் எழுதுங்கள். எழுதாதவர் என்னிடம் ஊர் கதைக்க வரவேண்டாம்.